அம்மை யாருக்கு வந்தது?

ஜீவிதாவின் நெற்றியில், இடது புருவத்துக்குச் சற்று மேலே, உளுந்து அளவில் ஒரு தழும்பு இருந்தது. மைசூரில் நர்சிங் பள்ளி விடுதிக்கு வந்த முதல் வருடம் அதைப் பவுடர் பூசி மறைப்பாள். இரண்டாம் வருடம் மறைப்பதை விட்டதோடு, அது நன்றாகத் தெரியும்படி முடியை ஒதுக்கிப் பின்னிக்கொள்ளவும் ஆரம்பித்தாள்.

1996 பிப்ரவரியில் விடுதிக்குள் சின்னம்மை புகுந்ததுதான் காரணம். முதலில் ஒருத்திக்கு வந்தது, அடுத்த வாரம் மூன்று பேருக்கு, அப்புறம் மாடியில் பாதிப் பேருக்கு. வார்டன் கெம்பம்மா மாடிப்படியின் குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டு, இனி யாரும் மேலே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். மேலே படுத்திருந்த எட்டுப் பேருக்கு யார் கஞ்சி கொண்டுபோவது என்று கேட்டபோது, நாளைய நர்ஸ்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஜீவிதா மட்டும் கையைத் தூக்கினாள்.

"எனக்குச் சின்னதுலயே வந்து போயிருச்சுங்க மேடம். ஒருக்கா வந்தா மறுபடி வராதுங்க. இதா பாருங்க" என்று நெற்றியைக் காட்டினாள்.

பன்னிரண்டு நாள் அவள் அந்த பெஞ்சைத் தாண்டித் தாண்டிப் போனாள். கஞ்சி ஊட்டினாள், போர்வை மாற்றினாள், அரிக்கிறது என்று அழுதவர்களின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை. அன்றிலிருந்து விடுதியில் அவளுக்கு 'கௌதள்ளி மாரியாத்தா' என்று பெயர். யாராவது தும்மினால், "மாரியாத்தாவக் கூப்பிடுங்கடி, திருநீறு போடுவா" என்பார்கள். ஜீவிதா முறைப்பாள். ஆனால் ஒரு நாள் யாரும் அப்படிக் கூப்பிடாமல் போனால் அவளுக்கு என்னவோ போல இருக்கும்.

கௌதள்ளி, ஹனூருக்குப் பக்கத்தில் தமிழர்களும் வாழும் கர்நாடக ஊர். அப்பா சித்தையன் அங்கே ராகியும் மக்காச்சோளமும் போடுகிறவர். அம்மா பஞ்சவர்ணம். ஒரே அக்கா மீனா ஹனூரில் கட்டிக்கொடுக்கப்பட்டிருந்தாள். மீனாவின் கணவன் மனோஜ்குமார் அங்கே டிராக்டர் சாமான் கடை வைத்திருந்தான்.

அடுத்த வருடம் மார்ச் மாதம், பள்ளியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியின் லேபில் இருந்த டாக்டர் மனிஷா ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். நாள் முழுக்க நோயாளிகளுக்கு நடுவே திரியும் இந்தப் பெண்களுக்கு நோய்களிடமிருந்து எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்று யாராவது பார்த்திருக்கிறார்களா? பார்த்ததில்லை. நூற்றுப் பன்னிரண்டு மாணவிகள். ஆளுக்கு ஒரு படிவம், ஒரு சின்னக் குப்பி ரத்தம். படிவத்தில் ஐந்து நோய்கள்: தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா, சின்னம்மை, பி வகை மஞ்சள்காமாலை. வந்திருக்கிறதா, தடுப்பூசி போட்டிருக்கிறதா, இதை உங்களுக்குச் சொன்னது யார் என்று கேள்விகள்.

படிவத்தை எல்லாரும் ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டார்கள். ரத்தம் கொடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. காலையில் வார்டில் பத்துப் பேருக்கு ஊசி குத்திவிட்டு வந்தவர்களுக்கு லேப் வாசலைப் பார்த்ததும் தலை சுற்றியது. ஒருத்திக்கு அவசரமாக பாத்ரூம் போக வேண்டியிருந்தது, இன்னொருத்திக்கு அன்றைக்குத்தான் விரதம் என்று ஞாபகம் வந்தது. லேப் டெக்னீஷியன் பசவராஜ் ஐம்பது வயதுக்காரர். கன்னடக்காரரானாலும் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தமிழர்களிடம் பேசிப் பேசித் தமிழ் பழகியவர். ரப்பர் குழாயைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "ஏனம்மா, குத்தற கைக்குக் குத்து வாங்கத் தெரியாதா?" என்றார்.

முதலில் போய் உட்கார்ந்தது ஜீவிதாதான். மாரியாத்தா பயந்தால் நன்றாக இருக்குமா?

படிவத்தில் சின்னம்மைக்கு நேராக 'வந்தது' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள். யார் சொன்னது என்ற இடத்தில் 'அம்மா' என்று இருந்தது. அதோடு விடாமல் ஓரத்தில், 'தழும்பு உள்ளது' என்றும் எழுதியிருந்தாள்.

மனிஷா அதைப் படித்துவிட்டு, "தழும்புக்கு நான் கட்டமே குடுக்கலையே ஜீவிதா" என்றார். அவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசும்போது கன்னடமும் கூடவே வரும்.

"சாட்சிக்கு எழுதினேன் மேடம்."

"சாட்சி இந்தக் குப்பிக்குள்ள இருக்கு. பாக்கலாம் இரு."

ஏப்ரல் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை வார்டன் அறைக்கு போன் வந்தது. கௌதள்ளி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து பஞ்சவர்ணம் கத்தினாள். போனில் பேசும்போது மைசூர் எவ்வளவு தூரமோ அவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்பது அவள் நம்பிக்கை.

"கண்ணு, உங்க மாமனுக்கு அம்மை போட்டிருச்சு! உடம்பெல்லாம் முத்து! மீனாளுக்கு ஏழு மாசம், உனக்குத் தெரியுமல்ல. அவளுக்கு இது வரைக்கும் வந்ததே இல்ல. வகுத்துல புள்ளைய வெச்சுக்கிட்டு அங்க இருக்கக் கூடாதுன்னு நேத்தே இங்க கூட்டியாந்துட்டோம். அங்க மாப்பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்ல. மாமியாளும் இல்லாத வூடு. நீ வாடி. உனக்குத்தான் வந்து போயிருச்சே, நர்சுக்கும் படிக்கற. உன்னைய விட்டா யாரு?"

"அழாதம்மா. லீவு கேட்டுட்டு மத்தியான பஸ்ஸுக்கு ஏறிக்கறேன்."

ஜீவிதாவுக்கு அக்காவை நினைத்துக் கவலைதான். ஆனால் அந்தக் கவலைக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க முடியாது. குடும்பமே பயந்து ஓடும் வீட்டுக்குள் அவள் ஒருத்தி மட்டும் துணிந்து நுழையப் போகிறாள். பையில் இரண்டு சேலையும் அரிப்புக்குப் பூசும் கேலமைன் பாட்டிலும் எடுத்து வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்து முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

பையோடு லேப் வழியாகப் போனவளைப் பசவராஜ் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்தார்.

"ஓ சிஸ்டர்! நில்லு நில்லு. எங்க பயணம்?"

விஷயத்தைச் சொன்னாள். பசவராஜ் சிரிப்பதை நிறுத்தினார். "உள்ள வா. மேடம் உன்னைத் தேடிட்டே இருந்தாங்க. உன் நம்பர் நாப்பத்தேழுதானே?"

மனிஷா ஒரு நீளத் தாளை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். நாற்பத்தேழாம் வரிசையில் விரலை ஓட்டினார்.

"தட்டம்மைக்கு எதிர்ப்பு இருக்கு. பொன்னுக்கு வீங்கிக்கும் இருக்கு. ருபெல்லாவுக்கு இல்ல. மஞ்சள்காமாலை ஊசி நீ போட்டுக்கலன்னு நீயே எழுதியிருக்க." விரல் நின்றது. "சின்னம்மைக்கும் இல்ல. கொஞ்சம்கூட இல்லம்மா."

"அதெப்படி மேடம்? குப்பி மாறியிருக்கும்."

பசவராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. "குப்பி மாறல. நீ தழும்பு கிழும்புன்னு எழுதியிருந்தியே, அதனால ரெண்டு சல, ரெண்டு தடவை டெஸ்ட் ஓட்டிப் பார்த்தேன். ரெண்டு சலயும் அதே. ரக்தத்துக்கு உன் ஃபாரம் படிக்க வராதும்மா."

"அப்ப இது என்னங்க?" என்று நெற்றியைக் காட்டினாள் ஜீவிதா.

மனிஷா எழுந்து வந்து, அவளை ஜன்னல் பக்கமாகத் திருப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். "அம்மைத் தழும்பு பொதுவா உள்ள குழிஞ்சு இருக்கும். இது வழவழன்னு மேலாக்க இருக்கு. சூடு பட்ட மாதிரி இருக்கு. அம்மாகிட்டக் கேளு."

"எங்கம்மாவுக்கு இதெல்லாம் மறக்காதுங்க."

"இருக்கட்டும். ஆனா நீ ஹனூருக்குப் போகல. போனா உன் மாமா எந்திரிக்கறப்ப நீ படுத்துருவ. போன வருஷம் மாடியில எட்டுப் பேருக்குக் கஞ்சி ஊத்துனியாமே, வார்டன் சொன்னாங்க. அப்ப உன்னைக் காப்பாத்துனது அதிர்ஷ்டம். மறுபடி மறுபடி அதையே வேலை வாங்கக் கூடாது."

ஜீவிதா பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். விடுதிக்குள் போக மனமில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்தாள். முந்தின வருடம் பெஞ்சு போட்டிருந்த அதே படி. பன்னிரண்டு நாள், ஒவ்வொரு நாளும் மூன்று தடவை. முகத்துக்கு நேரே இருமியவர்கள் இருந்தார்கள். ஒருத்தியின் தலையை மடியில் வைத்துத் துடைத்துவிட்டிருந்தாள். ஒரு வருடத்துக்கு முன்பே முடிந்துபோன விஷயத்துக்கு இப்போது உட்கார்ந்து பயப்படுவது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. 

பூத்துக்குப் போன் போட்டு, அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, வரமுடியாது, எனக்கு அம்மை வந்ததே இல்லை என்று ரத்தத்தில் தெரிகிறதாம் என்று சொன்னாள்.  பஞ்சவர்ணம் வாழ்நாளில் போனில் மெதுவாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"எவ சொன்னது?" என்றாள். "பெத்தவ எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியுமா? நாளைக்கு வாரேன் இரு."

மறுநாள் பத்தரை மணிக்கு, முதல் பஸ் பிடித்து, கொள்ளேகாலில் வண்டி மாறி, பஞ்சவர்ணம் வந்து இறங்கினாள். ஒரு கையில் மகளைக் கூட்டிப்போகும்போது அவள் துணி வைக்க ஒரு வெறும் பை, இன்னொரு கையில் டாக்டரம்மாவுக்கு ஒரு முழுப் பலாப்பழம். சண்டை போடப் போகிற இடத்துக்கும் வெறுங்கையோடு போக அவளுக்குத் தெரியாது.

லேபுக்குள் நுழைந்து பலாப்பழத்தை மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பசவராஜ் பதறிப்போய் அதைத் தரைக்கு மாற்றினார்.

"டாக்டரம்மா, எம்புள்ளைக்கு அம்மை வந்துச்சுங்க. ஊருக்கே தெரியுமுங்க. மாரியம்மன் கோயில்ல தீர்த்தம் வாங்கி ஊத்துனவ நானு. நீங்க படிச்சவங்க, நான் இல்லைங்கல. ஆனா இது என்ற வூட்டுல நடந்ததுங்க."

"உக்காருங்கம்மா" என்றார் மனிஷா. "நான் சண்டைக்கு வரல. நடந்ததை மட்டும் சொல்லுங்க. அம்மை வந்தப்ப இவளுக்கு என்ன வயசு?"

"ஒன்றரை வயசுங்க."

"வீட்டுல வேற யாருக்காவது?"

"மீனாளும் இருந்தாளுங்க. அவளுக்கு அப்ப மூணு வயசு."

"ரெண்டு பேரும் ஒண்ணாவா படுத்திருந்தாங்க?"

"இல்லீங்க, இவளத்தான் எங்கண்ணன் வூட்டுக்கு அனுப்பிட்டனே. பாலாத்துச் செக்போஸ்ட்டுகிட்ட டீக்கடை வெச்சிருந்தாருங்க. ஒட்டிக்கக் கூடாதுன்னு அங்க கொண்டுபோயி விட்டுட்டு..." பஞ்சவர்ணத்தின் பேச்சு பாதியில் நின்றது.



"இவளுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு இவளை அனுப்பினீங்க" என்றார் மனிஷா மெதுவாக. "அப்ப அம்மை யாருக்கு வந்துச்சும்மா?"

பஞ்சவர்ணம் மகளைப் பார்க்கவில்லை. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள், பலாப்பழத்தைப் பார்த்தாள், பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"மீனாளுக்குத்தானுங்க வந்திருக்கோணும்" என்றாள். ஏதோ அவளுக்கும் இப்போதுதான் யாரோ சொல்லித் தெரிந்ததுபோல இருந்தது அவள் குரல்.

"அம்மா!" என்றாள் ஜீவிதா. "அப்ப என்ற நெத்தி?"

அது எண்ணெய். பாலாற்றில் அண்ணன் வீட்டிலிருந்து குழந்தையைத் திரும்பக் கூட்டிவந்த மறுவாரம், பஞ்சவர்ணம் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரசம் தாளித்தாள். அடுப்புப் பக்கம் குழந்தையோடு போகாதே என்று சித்தையன் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். அவர் அப்போது ஊரில் இல்லை, மண்டியாப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தார். கடுகு வெடித்தது, எண்ணெய் தெறித்தது, குழந்தை வீறிட்டது. மூன்று மாதம் கழித்து வந்த சித்தையன் மகளைத் தூக்கி, "இதென்ன நெத்தியில?" என்று கேட்டார். பஞ்சவர்ணம் யோசிக்கவே இல்லை. "அம்மை போட்டிருச்சுங்க" என்று சொல்லிவிட்டாள்.

"வூட்டுல அம்மை வந்தது நெசந்தானுங்க. அது பொய்யில்லீங்க" என்றாள் இப்போது. "யாருக்குன்னு மட்டுந்தான் கொஞ்சம் மாத்திச் சொல்லிட்டேன். ஆத்தா போட்ட வடுன்னா யாரும் ஏன் எப்படின்னு கேக்க மாட்டாங்க, கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போயிருவாங்க. எண்ணெய் பட்ட வடுன்னா என்ற நாத்தனாரு சாகற வரைக்கும் கேட்டிருப்பா. மீனாளுக்கு ஒரு வடுவும் விழல. வருசம் போகப் போக எனக்கே மறந்துபோச்சுங்க. இவளுக்குத்தான் வந்துச்சுன்னு நானே நம்பிட்டேன்."

"அப்பாகிட்ட இப்பவாச்சும் சொல்லுவியா?" என்று கேட்டாள் ஜீவிதா.

"இப்ப எதுக்குடி? அவரே மறந்திருப்பாரு."

ஜீவிதாவுக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வருடம் பின்னலை ஒதுக்கி ஒதுக்கி ஊருக்கெல்லாம் காட்டியது ரசத்துக்குத் தாளித்த எண்ணெயின் வடுவையா? அவள் வாயைத் திறப்பதற்குள் பசவராஜ் பின்னால் திரும்பிக்கொண்டு குப்பிகளை அடுக்கினார். அவர் தோள் குலுங்கியது. அதைப் பார்த்ததும் ஜீவிதாவுக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள், அல்லது அழுதுகொண்டே சிரித்தாள். பஞ்சவர்ணம் இரண்டு பேரையும் முறைத்தாள்.

மனிஷா சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் தலை தூக்கினார். "அம்மா, மாப்பிள்ளைக்கு முத்து தெரியறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் மீனா அவர்கூடத்தானே இருந்தா?"

"ஆமாங்க. முத்தப் பார்த்த அன்னிக்குத்தான் கூட்டியாந்தோம்."

"முத்து தெரியறதுக்கு முன்னாடியே அது ஒட்டும். நீங்க அவளைக் கூட்டிட்டு வந்ததால ஒரு பிரயோஜனமும் இல்ல. வர்றதா இருந்தா அவளுக்கு இன்னும் ரெண்டு வாரத்துல வரும். ஏழு மாசத்துல வந்தா அவளுக்கே ஆபத்து, நுரையீரல் வரைக்கும் போகலாம்."

பஞ்சவர்ணம் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள். "அவளே அப்படித்தானுங்க சொல்லி அழுகறா. ரெண்டு நாளா வெடிஞ்சதும் கையையும் வகுத்தையும் கண்ணாடி வெச்சுப் பாக்கறா. சோறு எறங்கல."

"ஆனா நீங்க இப்ப சொன்னது நெசம்னா, அவளுக்குச் சின்ன வயசுலயே வந்து போயிருக்கு. இனி வராது. பயமே இல்ல."

"அப்ப நான் போயி அவகிட்டச் சொல்லிடறேனுங்க!"

"இருங்கம்மா." மனிஷா கையைக் காட்டி நிறுத்தினார். "கோவிச்சுக்காதீங்க. உங்க வாயால கேட்டதை நான் மறுபடி நம்ப மாட்டேன். அவ ரத்தம் வேணும்."

ஜீவிதா தானே போய் எடுத்துவருவதாகச் சொன்னாள். போகக்கூடாது என்றார் மனிஷா. அம்மா சொன்னது தப்பாக இருந்து, மீனாவுக்கு நாளைக்கே முத்து கிளம்பினால் ஜீவிதாவுக்கும் வரும். கடைசியில் பசவராஜ் போனார். அவருக்கு ஏழு வயதில் அம்மை வந்தது. மனிஷா அவர் ரத்தத்தையும் முன்பே ஓட்டிப் பார்த்திருந்தார். குப்பியும் ஊசியும் ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு, பஞ்சவர்ணத்தோடு அவர் கௌதள்ளிக்குப் பஸ் ஏறினார். வழி நெடுக அவள் தன் கதையை இன்னும் இரண்டு விதமாகச் சொன்னாளாம். ஹனூர் வருவதற்குள் குழந்தையே கரண்டியைத் தட்டிவிட்டது என்று ஆகிவிட்டதாம்.

மறுநாள் திரும்பி வந்த பசவராஜ், ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டு ஜீவிதாவைக் கூப்பிட்டார்.

"உன் அக்கா ஊசியைப் பார்த்துப் பயப்படவே இல்லம்மா. கையை நீட்டிட்டு, 'எடுத்துக்கங்க, எவ்வளவு வேணா எடுத்துக்கங்க, ஆனா நெசத்தைச் சொல்லுங்க'ன்னா. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு." சற்றுப் பொறுத்து, "உங்கம்மா கையால சாப்பாடு பிரமாதம். ரசம் மட்டும் வேண்டாம்னுட்டேன்" என்றார்.

ரத்தத்தை ஓட்டி முடிக்க வியாழக்கிழமை மாலை ஆனது. ஜீவிதா லேப் வாசலிலேயே நின்றாள். தன் ரத்தத்துக்கு அவள் இப்படி நின்றதில்லை. அப்போது முடிவு தெரியும் என்று நினைத்திருந்தாள். இப்போது எதுவுமே தெரியவில்லை. அம்மா மாற்றிச் சொன்னாள் என்றால் திருப்பியும் மாற்றிச் சொல்லியிருக்கலாமே. கதவைத் திறந்து வந்த மனிஷா அவள் தோளைத் தட்டினார்.

"தாராளமா இருக்கு. உங்கக்காவுக்கு இனி அம்மையே வராது. போய்ச் சொல்லு."

பூத்துக்குப் போன் போட்டு, ஆள் விட்டு மீனாவை வரவழைத்துச் சொன்னாள். மீனா முதலில் அழுதாள்.  பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப நான் அவருகிட்டப் போலாமா?" என்று கேட்டாள்.

"போலாங்க்கா. கட்டிப் பிடிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

"சீ, போடி."

மறுநாள் மத்தியானம் மீனா ஹனூருக்குப் போனாள். மனோஜ்குமார் கட்டிலில் வேப்பிலைக்கு நடுவில் முனகிக்கொண்டு படுத்திருந்தான். கடைக்காரத் தம்பி ஒருவன் வாசலில் வைத்துவிட்டுப் போன ஓட்டல் இட்லியைத் தின்று தின்று செத்துவிட்டேன் என்று அழாத குறையாகச் சொன்னான். மீனா அவன் முதுகைப் பார்த்தாள். முத்தெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்ட ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு வாரம் படுக்கலாம் என்று திட்டம் போட்டிருந்தவனை எழுப்பி உட்காரவைத்தாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்க அனுப்பிவிட்டாள். இதையெல்லாம் மீனாவே போனில் சொன்னாள், நடுநடுவே சிரித்துக்கொண்டு.

விடுதியில் செய்தி பரவ அரை நாள்கூட ஆகவில்லை. "மாரியாத்தாளுக்கே அம்மை வரலையாம்டி" என்று ஆரம்பித்தார்கள். இரண்டு நாள் கழித்து 'தாளிச்ச நாச்சியார்' என்று பெயர் மாறியது. ஜீவிதா சிரித்துக்கொண்டாள். ஆனால் அந்த வாரம் குழந்தைகள் வார்டில் ஒன்று நடந்தது. தனி அறையில் அம்மை போட்டிருந்த ஒரு சின்னப் பெண், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து "அக்கா, அக்கா" என்று இவளைப் பார்த்துக் கையை நீட்டியது. முன்பானால் யோசிக்காமல் போயிருப்பாள். இப்போது கதவருகே போய் நின்றுவிட்டாள். ஏற்கெனவே அம்மை வந்த இன்னொருத்தி உள்ளே போனாள். குழந்தை சமாதானமாகும் வரை ஜீவிதா கண்ணாடியில் விரலால் பூனை வரைந்து காட்டிக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.

சாயங்காலம் வார்டன் கெம்பம்மாவிடம் அதைச் சொன்னாள்.

"போன வருஷமே இது தெரிஞ்சிருந்தா மேலே போயிருப்பியா?" என்று கேட்டார் கெம்பம்மா.

ஜீவிதா யோசித்தாள். "தெரியல மேடம். போயிருக்க மாட்டேன்னுதான் தோணுது."

"பரவாயில்ல. எனக்கு அம்மை வந்ததே இல்லன்னுதான் நான் பெஞ்சு போட்டேன்" என்றார் கெம்பம்மா. "போ, சாப்பிடு."

மனிஷாவின் கணக்கில் தனக்கு அம்மை வந்ததாக எழுதிய அறுபத்து மூன்று பேரில் ஏழு பேருக்கு ரத்தத்தில் அதற்கான அடையாளமே இல்லை. வரவே இல்லை என்று சத்தியம் செய்தவர்களில் பாதிப் பேருக்கு இருந்தது. மஞ்சள்காமாலை ஊசியை ஒழுங்காக மூன்று தடவையும் போட்டவர்கள் ஒன்பதே பேர். சின்னம்மைக்கான ஊசி அப்போது மைசூரில் எளிதாகக் கிடைக்கவில்லை. மற்றதற்குக் கிடைத்தது. மே மாதம் ஒரு சனிக்கிழமை எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்தார்கள். ஊசி போடும் பொறுப்பு ஜீவிதாவுக்கு. வரிசையிலிருந்து நழுவியவர்களை ஒவ்வொருத்தியாகப் பாத்ரூமிலிருந்து கூட்டிவந்து குத்தினாள். தன் முறை வந்தபோது பசவராஜிடம் கையை நீட்டிவிட்டு, ரகசியமாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூலை முதல் வாரம் கொள்ளேகால் ஆஸ்பத்திரியில் மீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ, கருகருவென்று முடி. பதினைந்தாம் நாள் பஞ்சவர்ணம் ஒரு தூக்குப்போசி நிறைய வெல்லக் கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு மைசூர் வந்தாள். டாக்டரம்மாவுக்கும் பசவராஜுக்கும் கொடுத்தாள். கொடுத்து முடித்தும் கிளம்பவில்லை. லேப் நாற்காலியில் உட்கார்ந்து ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள்.

"என்னங்கம்மா?" என்றார் மனிஷா.

"என்ற ரத்தத்தையும் பாருங்க டாக்டரம்மா. பேத்தியத் தூக்கிக் கொஞ்சப் போறேன். எனக்கு என்னென்ன வந்துச்சு, என்னென்ன வரலைன்னு தெரிஞ்சுக்க வேண்டாமுங்களா?"

"உங்களுக்குச் சின்ன வயசுல அம்மை வந்துச்சா?"

"வந்துச்சுன்னு எங்கம்மா சொல்லுவா." பஞ்சவர்ணம் கொஞ்சம் யோசித்தாள். "அவ எதை மறைக்கறதுக்குச் சொன்னாளோ, யாரு கண்டா?"

பசவராஜ் ரப்பர் குழாயை ஜீவிதாவிடம் நீட்டினார். "உன் தாயி, நீயே எடு." ஜீவிதா அம்மாவின் கையைப் பிடித்து நரம்பைத் தேடினாள். ராகிக் கதிர் அறுத்து அறுத்துக் காய்த்த கை, தோல் தடிப்பு. இரண்டு தடவை தடவிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்தாள். பஞ்சவர்ணம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மெல்லடி" என்றாள்.

"இன்னும் குத்தவே இல்லம்மா."

"குத்துறதுக்கு முன்னாடியே சொல்லி வெச்சாத்தான் ஆச்சு" என்றாள் பஞ்சவர்ணம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையை மட்டும் அசையாமல் நீட்டியபடியே இருந்தாள்.